மீன் தொட்டி மோட்டாரும் ஐம்பது எலுமிச்சம்பழமும்

குழு: மேலத்தெரு வீடு
வியாழன், காலை 5:52

பெரியப்பா: செந்தில், மீன் தொட்டி மோட்டார் நின்றுவிட்டது. ராத்திரி கரண்ட் போய் வந்தது, அதற்கப்புறம் ஓடவில்லை. மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

மன்னார்குடி மாமா: (படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்)

மாயவரம் அத்தை: ஐயோ. ஞாயிற்றுக்கிழமை எண்பதாம் கல்யாணத்தை வைத்துக்கொண்டா?

செந்தில் அண்ணன்: அப்பா, பதறாதீர்கள். தொட்டிக்கு அடியில் கேபினெட்டைத் திறந்து கன்ட்ரோலரில், அதான் மோட்டாரை ஓட்டுகிற பெட்டியில், விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் அடாப்டர் போயிருக்கும். இந்த டிசி பம்பில் தேய்கிற பிரஷ் கிடையாது, அதனால் மோட்டார் லேசில் போகாது. முதலில் படுப்பது அடாப்டரும் கன்ட்ரோலரும்தான். விளக்கு எரிந்தும் சுற்றவில்லை என்றால் உள்ளே சுண்ணாம்பு. நம் போர் தண்ணீர் தெரியும்தானே, பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே போதும். ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த வேகத்தில் சமாளிக்கும். ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்பாது.

பெரியப்பா: பச்சை விளக்கு விட்டு விட்டு எரிகிறது.

கார்த்தி: என் பழைய லேப்டாப் சார்ஜர் அங்கே பரணில் கிடக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கலாமே?

செந்தில் அண்ணன்: டேய், வேண்டாம். அது 19 வோல்ட், இது 24.

மாயவரம் அத்தை: அம்மா எழுந்தாச்சா?

பெரியப்பா: அவள்தான் நாலரைக்கே பார்த்தது. சொம்பால் மொண்டு உயரத் தூக்கி, தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்கிறாள். விடச் சொன்னால் கேட்கவில்லை.

செந்தில் அண்ணன்: அப்பாயி செய்வது சரி. தண்ணீர் அப்படி விழுந்தால்தான் காற்று கலக்கும். தீனி மட்டும் போட வேண்டாம்.

பெரியப்பா: போட்டாச்சு. வாயைத் திறக்கிறதே, பசி போல என்று ஒரு பிடி போட்டுவிட்டாள்.

தஞ்சாவூர் சித்தப்பா: பழைய கறுப்பு மோட்டார் ஒன்பது வருஷம் ஓடியது. ஒரு நாள் யாரும் கழற்றியதில்லை.

செந்தில் அண்ணன்: ஓடியது சித்தப்பா, 65 வாட் தின்றுகொண்டு. இது 40. நாள் பூராவும் ஓடுகிற சாமான், இரண்டு மாத பில்லில் 36 யூனிட் மிச்சம். சத்தமும் கிடையாது.

தஞ்சாவூர் சித்தப்பா: சத்தமில்லாததால்தான் நின்றதே யாருக்கும் தெரியவில்லை.

கார்த்தி: சித்தப்பா

சித்தி: இலை இருநூறு போதுமா? தாராசுரம் மார்க்கெட்டில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

செந்தில் அண்ணன்: அப்பா, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் கையை விடுங்கள். முன்மூடியைத் திருகினால் வரும். உள்ளே விசிறி, அதோடு ஒட்டிய காந்தம். காந்தம் இழுத்துப் பிடிக்கும், நேராக இழுங்கள். நடுவில் இருப்பது பீங்கான் கம்பி, சாய்த்தால் முறிந்துவிடும். கம்பியின் இரண்டு முனையிலும் சின்ன ரப்பர் இருக்கும், பத்திரம். பாதி வினிகர் பாதி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள்.

பெரியப்பா: (படம்)

கார்த்தி: திருநீறு பூசினது மாதிரி இருக்கிறது

பெரியப்பா: வினிகர் இல்லை. எலுமிச்சம்பழம் ஐம்பது இருக்கிறது.

மாயவரம் அத்தை: அண்ணா, அது தாம்பூலத் தட்டுக்கு. தொடாதீர்கள்.

செந்தில் அண்ணன்: எலுமிச்சையும் சுண்ணாம்பைக் கரைக்கும். நாலு எடுங்கள்.

மாயவரம் அத்தை: போன தீபாவளிக்குத் தொட்டி வழிந்து என் பட்டுப்புடவை நனைந்தது. இப்போது எலுமிச்சம்பழம். நடக்கட்டும்.

செந்தில் அண்ணன்: அது பம்ப் தப்பு இல்லை அத்தை. பம்ப் நின்றால் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி சம்புக்கு, அதான் அடியில் இருக்கிற கீழ்த் தொட்டிக்கு, இறங்கி வழியும். நடுவில் காற்று புகுந்து அதை நிறுத்தத்தான் குழாயில் துளை போட்டேன். அதில் பாசி அடைத்துக்கொண்டது. மாதம் ஒரு தடவை குச்சியால் குத்தச் சொல்லியிருந்தேன்.

பெரியப்பா: யாரிடம் சொன்னாய்?

சித்தி: இலை?

தஞ்சாவூர் சித்தப்பா: 250 சொல்லு. பந்தியில் இலை இல்லை என்று சொல்ல முடியாது.

காலை 8:10

பெரியப்பா: ஓடுகிறது.

மன்னார்குடி மாமா: (கைகூப்பும் படம்)

செந்தில் அண்ணன்: அப்பாடா. இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை இப்படிக் கழற்ற வேண்டும். கன்ட்ரோலரையும் சம்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்து வெளியே சுவரில் மாட்டுங்கள். அந்த ஈரக் காற்றுதான் அதற்கு எமன். ஒயர் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கட்டும், அப்போதுதான் ஒயர் வழியே வரும் தண்ணீர் பிளக்குக்கு ஏறாமல் கீழே சொட்டும்.

தஞ்சாவூர் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை வரும்போது சாதா ஏசி மோட்டார் ஒன்று வாங்கி வருகிறேன். ஸ்பேராக இருக்கட்டும்.

செந்தில் அண்ணன்: ஸ்பேர் அடாப்டர் வாங்கினால் போதும் சித்தப்பா. பணம் நான் அனுப்புகிறேன்.

தஞ்சாவூர் சித்தப்பா: தொட்டி வாங்கும்போதும் இதைத்தான் சொன்னாய்.

மாயவரம் அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள்.

செந்தில் அண்ணன்: நேரில் பேசிக்கொள்ளலாம். அப்பா, சத்தம் எதுவும் இல்லையே?

பெரியப்பா: கடகடவென்று லேசாக இருக்கிறது. உளுந்து மாதிரி கறுப்பாக ஒரு ரப்பர் தரையில் கிடக்கிறது. அது எதனுடையது?