கொம்பாக்ட் கமெலியாவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

உரும்பிராயிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். சாடியில் கமெலியாப் பூச்செடி வளர்ப்பதற்கான கையேடு தமிழில் முடியும் கட்டத்தில் இருக்கிறது. லண்டனிலும் மெல்பேர்ணிலும் நுவரெலியாவிலும் உள்ள எங்கள் ஆட்கள்தான் அதைப் பயன்படுத்தப் போகிறார்கள். பின்னிணைப்பாக யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு எக்சோரா (வெட்சி) பற்றி ஒரு பகுதியும் சேர்க்கிறோம்.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில். ஆங்கில மூலத்தில் ‘டுவாஃப்’ (dwarf) வேறு, ‘கொம்பாக்ட்’ (compact) வேறு. எங்கள் வரைவில் இரண்டும் ‘குட்டை’ என்றே விழுந்துவிட்டன. ‘கச்சிதம்’, ‘அடக்கவகை’, ‘சிற்றினம்’ என்று மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. கருத்துச் சொல்லுங்கள்.

கோப்பாயிலிருந்து

> ‘கச்சிதம்’, ‘அடக்கவகை’, ‘சிற்றினம்’

தம்பி, ‘சிற்றினம்’ வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது ஸ்பீசிஸுக்குப் போய்விட்டது. நாங்கள் அதையே ‘இனம்’ என்கிறோம். மற்ற இரண்டும் தோற்றத்தை மட்டும் சொல்கின்றன, செடி ஏன் அப்படி நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. செடி வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியது அந்த ஏன்தான்.

ஒரு செடி சிறிதாய் நிற்க நாலு காரணம் இருக்கலாம்.

பிறப்பிலேயே உயராத செடி குட்டை. அதில் சண்டையில்லை.

இரண்டாவது, வெட்டி வெட்டிச் சிறிதாக்கியது. தேயிலையை எடுங்கள். அதுவும் கமெலியா சாதிதான், கமெலியா சினென்சிஸ். மலையகத்தில் இடுப்பளவில் நிற்கிற அந்தச் செடியை வெட்டாமல் விட்டால் பல மீற்றர் உயர மரமாகும். அதைக் கொம்பாக்ட் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, மருந்தால் ஒடுக்கியது. பக்லோபியூட்ரசோல் போன்ற வளர்ச்சி ஒடுக்கிகள் செடிக்குள் தண்டை நீளவைக்கும் ஜிபரலின் என்ற ஹோர்மோன் உண்டாவதைத் தடுக்கும். தண்டு நீளாது, இலை கரும்பச்சையாகும், சின்னச் சாடியில் நிறையப் பூத்து நிற்கும். வாங்கி வந்தபின் மருந்தின் வேகம் இறங்க, செடி பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். இப்படி விற்கப்படும் செடியைக் ‘கச்சிதம்’ என்று கையேடு சொன்னால் வாசகர் ஏமாறுவார்.

நாலாவதுதான் எங்களுக்கு வேண்டியது. தண்டில் இலை புறப்படும் இடம் கணு. கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தூரம் இயல்பாகவே குறைவு, பக்கக் கிளை அதிகம், அதனால் செடி நெருங்கிய உருவம் கொள்கிறது. இது மெதுவாக வளரும், ஆனால் கடைசிவரை குட்டையாகவே இருக்கும் என்று கட்டாயமில்லை. பெயரில் ‘குட்டை’ என்று போட்டால் ஆட்கள் அதை யன்னலடியில், சுவரோடு ஒட்டி நட்டுவிட்டுப் பிறகு அரைவாசியை வெட்டுவார்கள். வெட்டுகிற காலமும் பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். கமெலியா ஜப்பொனிக்கா பூத்து முடிந்ததும் தளிர்விடும். கோடையின் நடுவில் அந்தத் தளிர்களின் நுனியிலேயே அடுத்த பருவத்து மொட்டு கட்டிவிடும். உருண்டு பருத்தது பூமொட்டு, மெலிந்து கூரானது இலைமொட்டு. ஆகவே பூ முடிந்த கையோடு வெட்டவேண்டும். கோடை கழித்து வெட்டினால் வெட்டுவது பூவைத்தான்.

என் முன்மொழிவு ‘குறுங்கணு’. குறுங்கணுக் கமெலியா, குறுங்கணு எக்சோரா. வாயில் இலகுவாக வரும்.

நல்லூரிலிருந்து

அண்ணை, உந்த நாலு வகைப் பிரிப்பு அப்படியே கையேட்டில் போகவேண்டும். சொல்லில்தான் எனக்குத் தடை.

> என் முன்மொழிவு ‘குறுங்கணு’

கணு குறுகுவதில்லை. குறுகுவது கணுவிடை. ‘குறுங்கணுவிடை’ என்று திருத்தினால் பொருள் சரி, சொல் நீண்டுவிடும். ‘செறிகணு’ என்று வைத்தால் என்ன? கணுக்கள் செறிந்திருப்பது. செறிதொடி போல வினைத்தொகை, இலக்கணத்துக்கும் இடறாது. பக்கக் கிளை நெருங்கியிருப்பதையும் அது உட்கொள்ளும், ஏனென்றால் கிளை புறப்படுவது கணுவில் இருக்கும் மொட்டிலிருந்துதான்.

இன்னொரு இலாபமும் உண்டு. சொல்லே செடியைப் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறது. நேசறியில் செடியை எடுத்து, நல்ல வெயிலில் வளர்ந்த ஒரு கிளையை நுனியிலிருந்து கீழே பாருங்கள். இடைவெளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் நெருக்கமாக இருந்தால் செறிகணு. கீழே விரல் நகமளவில் நெருங்கியிருந்து, மேலே புதிதாய் வந்த தளிரில் மட்டும் திடீரென்று இரண்டு மூன்று மடங்கு நீண்டிருந்தால் மருந்து இறங்கிய செடி என்று சந்தேகப்படலாம். அதற்குமுன் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: நிழலில் வைத்த எந்தச் செடியும் கணுவிடை நீளும். செடி நின்ற இடத்தைப் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது.

செறிகணு என்பது நிமிர்ந்த செடி என்றோ படர்ந்த செடி என்றோ சொல்லாது. அதற்கு வேறு அடைமொழி வேண்டும். கமெலியா வகைகளில் சிஷிகாஷிரா தாழ்ந்து பக்கவாட்டில் விரியும், யூல்ரைட் நிமிர்ந்து வளரும். ‘படர் செறிகணு’, ‘நிமிர் செறிகணு’ என்று எழுதலாம். சாடிக்கு எது, வாசலின் இரு பக்கத்துக்கு எது என்பது அப்போதுதான் விளங்கும்.

இனிப் பின்னிணைப்பு. வரைவில் எக்சோராவுக்கும் கமெலியாவுக்கும் பொதுவான புளிமண் தேவையை இரண்டு வரியில் முடித்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் செடி சாவது அந்த இரண்டு வரியில்தான். தயவுசெய்து விரித்து எழுதுங்கள். ஜப்பொனிக்காவை இந்த வெக்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லவும் வேண்டாம். அதற்குக் குளிர்காலம் வேண்டும்.

கமெலியாவுக்கு மண்ணின் பிஎச் (புளிப்பு-கார அளவு; 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5 முதல் 6.5 வரை நல்லது. எக்சோராவும் புளிப்பு மண்ணையே விரும்பும். எங்களுக்குக் கீழே முழுக்கச் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணியில் மண்ணைக் காரமாக்கும் பைகாபனேற்று. நிலத்திலுள்ள செடிக்காவது வேர் ஓட இடமுண்டு. சாடியில் பத்து லீற்றர் மண்ணுக்கு நாள்தோறும் அதே தண்ணியை ஊற்றினால் எவ்வளவு நல்ல கலவையும் சில மாதத்தில் காரமாகிவிடும். சாடியின் விளிம்பில் படியும் வெள்ளைப் பொருக்குத்தான் முதல் அடையாளம். அடுத்தது இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பது. அது இரும்புக் குறை. அடி இலை முதலில் மஞ்சளித்தால் அது வேறு, பெரும்பாலும் நைதரசன் அல்லது மக்னீசியம்.

மஞ்சளைக் கண்டதும் பெரஸ் சல்பேற்று என்ற இரும்பு உப்பை மண்ணில் போடுகிறார்கள். கார மண்ணில் அந்த இரும்பு சீக்கிரமே கரையாத வடிவமாகிவிடும். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் கீலேற்று வாங்கினாலும் பெயரைப் பார்த்து வாங்கவேண்டும். ஈடிடிஏ கீலேற்று பிஎச் 6.5 தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும், டிடிபிஏ 7.5 வரை தாங்கும். எங்கள் மண்ணுக்கு ஏற்றது ஈடிடிஎச்ஏ.

சீமெந்துச் சாடி பற்றி வரைவில் ஒரு சொல்கூட இல்லை. புதுச் சீமெந்து சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்கும். புளிமண் செடிக்கு மண்சாடி அல்லது பிளாஸ்ரிக் சாடிதான். கலவைக்குக் கடற்கரை மணலும் ஆகாது, சிப்பி நொறுங்கல் சுண்ணாம்பேதான். ஒரு கைப்பிடி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் விலக்குங்கள். உப்புப் போகக் கழுவிய தும்புத்தூளும் நன்றாக மக்கிய இலையெருவும் அடிப்படையாக இருக்கட்டும்.

தண்ணிக்கு வழி மழைநீர். 10 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100 லீற்றர். ஐப்பசி, கார்த்திகை மழையை மூடிய தாங்கியில் பிடித்தால் இரண்டு மூன்று சாடிக்குப் பல மாதம் வரும்.

கோப்பாயிலிருந்து

‘செறிகணு’ சரி. என் ‘குறுங்கணு’வை விட்டுவிடுகிறேன், கணுவிடைத் தடை நியாயமானது.

சாடி மாற்றுவது பற்றி ஒரு குறிப்பு. மெதுவாக வளர்கிற செறிகணுச் செடியை ஒரேயடியாகப் பெரிய சாடிக்கு மாற்றுவது வழமையான பிழை. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து வேரை அழுகவைக்கும். வேர்க்கட்டியைவிடச் சுற்றிவர 3 முதல் 5 சென்ரிமீற்றர் மட்டும் கூடிய சாடி போதும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பூ முடிந்தபின் மாற்றலாம். வேர்க்கட்டியின் மேல்மட்டம் புது மண்ணின் மட்டத்தோடு நிற்கவேண்டும். ஆழ நட்ட கமெலியா வருடக்கணக்கில் பூக்காமல் நிற்கும். மொட்டு உதிர்கிறது என்று கேட்பவர்களுக்கு, மொட்டு கட்டும் நாட்களில் சாடி ஒருமுறை காய்ந்திருந்தாலும் உதிர்வு பல கிழமை கழித்தே தெரியும் என்று எழுதுங்கள். உதிர்ந்த அன்று கூடுதலாகத் தண்ணி ஊற்றிப் பயனில்லை.

உரும்பிராயிலிருந்து

இருவருக்கும் நன்றி. சொற்பட்டியலில் இப்படிப் போகிறது. திருத்தம் இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள்.

செறிகணு: கணுவிடை இயல்பாகவே குறுகி, கிளை நெருங்கி வளரும் தன்மை. வெட்டியோ மருந்திட்டோ சிறிதாக்கிய செடிக்கு வழங்காது.

குட்டை: முதிர்ந்த உயரம் இயல்பாகவே குறைந்தது. குட்டைச் செடி செறிகணுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஒடுக்கிய செடி: வளர்ச்சி ஒடுக்கியால் தற்காலிகமாகச் சிறிதாக்கியது.

சீமெந்துச் சாடி, கடற்கரை மணல், கீலேற்று மூன்றும் பின்னிணைப்பின் முதற் பக்கத்துக்கு வருகின்றன.