சில ஃபைல் மட்டும் ஏற மறுக்கிறது, நல்ல பேக்கப் மென்பொருள் சொல்லுங்கள் (அவசரம்)

கொங்குத்தறி | இரவு 8:52
வணக்கம். லேப்டாப்பில் உள்ளதை எல்லாம் இன்னொரு இடத்தில் ஏற்றி வைக்க வேண்டும், பிறகு இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதற்கு எந்த மென்பொருள் நல்லது? இப்போது போட்டிருப்பதில் முக்கால்வாசி போய்விட்டது, முக்கியமான சில மட்டும் போகவில்லை, சிவப்பில் பிழை காட்டுகிறது. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நாளை மாலை லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இலவசமாக இருந்தால் உதவி. சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை | இரவு 8:58
விண்டோஸா, மேக்கா? எவ்வளவு ஜிபி? ‘இன்னொரு இடம்’ என்றால் ஹார்ட் டிஸ்கா, கூகுள் டிரைவா? சிவப்பில் என்ன எழுதியிருக்கிறது? அதை அப்படியே போடுங்கள்.

பனங்காடு | இரவு 9:03
பெரிய வீடியோக்கள் மட்டும் நின்றிருக்கும். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை வாங்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். நான் பார்த்தவரை பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான்.

மின்மினி | இரவு 9:06
எல்லாவற்றையும் மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஏற்றிவிடுங்கள். கம்பி, பெட்டி என்று எந்தத் தொல்லையும் இல்லை.

மூத்தநிரலர் | இரவு 9:15
தம்பி, இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறை வருகிறது. தேடிப் பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். விண்டோஸில் முழுப் பாதையும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய வரம்பு உண்டு. கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்கியிருப்பீர்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) நீண்ட பாதையை அனுமதிக்கும் மதிப்பை 1 ஆக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். அடிப்படை தெரியாமல் மென்பொருளை மாற்றிப் பயனில்லை.

கொங்குத்தறி | இரவு 9:41
அண்ணா, ரெஜிஸ்ட்ரி மாற்றிப் பார்த்தேன், அதே பிழை. விவரம் சொல்லாதது என் தவறு. விண்டோஸ் 11. மொத்தம் 180 ஜிபி. எல்லாம் வேவ் ஒலிப்பதிவு. என் பெரியப்பா ஊர் ஊராகப் போய்ப் பாட்டிகள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டெல்லாம் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அறுபது நிமிடக் கேசட் 280 சொச்சம். எட்டு மாதமாக உட்கார்ந்து கணினிக்கு மாற்றினேன். ஒரு ஃபைலும் 400 எம்பியைத் தாண்டாது. ஏற்றுவது மச்சான் வீட்டில் லினக்ஸ் ஓடும் கணினிப் பெட்டிக்கு. 41 ஃபைல் போகவில்லை. பெயர் மிக நீளம் என்கிறது. ஆனால் லேப்டாப்பில் அதே பெயரோடுதான் நன்றாக ஓடுகிறது.

மின்மினி | இரவு 9:47
180 ஜிபியா! ஆனாலும் மேகம்தான் பாதுகாப்பு.

வைகைக்கரை | இரவு 9:55
மின்மினி, கூகுளில் இலவச இடம் 15 ஜிபிதான். காசு கட்டினாலும், 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 180 ஜிபி ஏற 40 மணி நேரம் ஆகும். அவருக்கு இருப்பது ஒரு நாள்.
கொங்குத்தறி, ஏறாத ஒரு ஃபைலின் பெயரைப் போடுங்கள்.

கொங்குத்தறி | இரவு 9:59
வடக்குத்தெரு பெரியம்மா பாடிய நடவுப் பாட்டு திண்ணையில் பதிந்தது 1994 தை கேசட் மூன்று இரண்டாம் பக்கம் முதல் பாதி

பெரியப்பா கேசட் அட்டையில் எழுதியிருந்ததை அப்படியே வைத்தேன்.

கரிசல்மண் | இரவு 10:20
கண்டுபிடித்தாயிற்று. பாதையில் கோளாறு இல்லை, ஹார்ட் டிஸ்கிலும் இல்லை. நீளத்தை விண்டோஸ் ஒரு விதமாக அளக்கிறது, லினக்ஸ் வேறு விதமாக அளக்கிறது.

விண்டோஸ் டிஸ்கில் ஃபைலை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறி வரை கொடுக்கும். லினக்ஸ் பெட்டியில் பெரும்பாலும் இருக்கும் எக்ஸ்ட்4 முறை கொடுப்பது 255 பைட் (கணினி இடத்தை அளக்கும் அலகு). ஆங்கில எழுத்து ஒரு பைட், அதனால் அங்கே இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். அதுவும் ‘கு’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கோ ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். ‘க்கு’ என்றால் 12.

நீங்கள் கொடுத்த பெயரை எண்ணினேன். தமிழ்க் குறிகள் 92, அதற்கே 276 பைட். 1994-க்கு 4, இடைவெளி 14, கடைசியில் வேவ் ஒட்டுக்கு 4. மொத்தம் 298. விண்டோஸ் அதே பெயரை 114 என்றுதான் எண்ணும். அதனால்தான் லேப்டாப்பில் ஓடுகிறது, பெட்டி மறுக்கிறது. தமிழ்ப் பெயர் 85 குறியைத் தாண்டினாலே இந்தச் சிக்கல் வரும். எந்த ஒத்திசைவு மென்பொருளைப் போட்டாலும் இதே 41 நிற்கும்.

மூத்தநிரலர் | இரவு 10:31
இதற்குத்தான் ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள் என்று பல வருடமாகச் சொல்கிறேன். மேக்கிலிருந்து வரும் ‘கொ’ சில சமயம் ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று பிரிந்து வரும். பார்வைக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. ஒரே ஃபைல் இரண்டு நகலாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

பனங்காடு | இரவு 10:38
ஒப்பாரியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது ஐயா? ஒருவர் ஒரு ‘பி’ போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். பத்து வருடம் கழித்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. தமிழில் பெயர் வைப்பது அவர் உரிமை. மென்பொருள்தான் அதற்கு ஏற்பத் திருந்த வேண்டும்.

மூத்தநிரலர் | இரவு 10:44
உரிமையை நான் மறுக்கவில்லை. நாளை மாலைக்குள் ஏற வேண்டும் என்பதுதான் இங்கே பிரச்சினை.

மின்மினி | இரவு 10:46
வெறும் எண் போட்டால் என்ன? 001, 002 என்று.

பனங்காடு | இரவு 10:49
எண்ணைப் பார்த்து அந்த அம்மாவின் பாட்டு எது என்று யார் சொல்வார்கள்?

கரிசல்மண் | இரவு 11:02
இருவர் சொல்வதும் சரி. ஃபைல் பெயர் தமிழிலேயே இருக்கட்டும், குறுகலாக இருக்கட்டும். ‘கே03 ப2 நடவு வடக்குத்தெரு 1994’ போதும். அட்டையில் இருந்த முழு வாசகத்தை அதே கோப்புறையில் ஓர் எக்செல் தாளில் ஏற்றுங்கள். முடிந்தால் அட்டைகளையே படம் பிடித்து உடன் வையுங்கள். பெரியப்பாவின் கையெழுத்தும் அதோடு நிற்கும்.

இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிறீர்கள். அது ஒத்திசைவு, பேக்கப் ஆகாது. ஒருபக்கம் கைதவறி அழித்தால் மறுபக்கமும் அழியும்.

பனங்காடு | இரவு 11:08
நான் ஒத்திசைவை மட்டும்தான் நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே.

நெய்தல் | இரவு 11:19
எனக்கு ஆனது. 2019-இல் என் மகள் ‘பழையது’ என்ற கோப்புறையை வேண்டாததென்று நினைத்து அழித்துவிட்டாள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இன்னொரு கணினியிலும் காணோம். என் அம்மாவோடு எடுத்த கடைசிப் பொங்கல் படங்கள் அதில்தான் இருந்தன. அவளைத் திட்டவும் மனம் வரவில்லை. அதிலிருந்து எனக்கு ஒத்திசைவு மட்டும் போதாது.

பனங்காடு | இரவு 11:24
வருத்தமாக இருக்கிறது. இன்றே பழைய பதிப்பை வைத்துக்கொள்ளும் வசதியைப் போடுகிறேன்.

கரிசல்மண் | இரவு 11:40
சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருளில் அந்த வசதி உண்டு, ஆனால் தானாக இயங்காது. கோப்புறை அமைப்பில் போய் நாம்தான் போட வேண்டும். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இன்னொன்றிலும் அழிப்பதைத் தனி இடத்தில் பதிப்பாக வைக்கச் சொல்லலாம். அதில் ‘மிரர்’ (ஒருபக்கம் இருப்பதைப் போலவே மறுபக்கத்தை ஆக்குவது) என்பதைத் தேர்ந்தெடுக்கும் முன் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று இரண்டு முறை பாருங்கள். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கருவி தெரிந்தவர்களும் ‘மிர்’ கட்டளையில் இதே கவனத்தோடு இருங்கள். காலி டிஸ்கை மூலப் பக்கமாகக் கொடுத்தால் மறுபுறத்தைத் துடைத்துவிடும்.

கொங்குத்தறி, நேரம் இல்லை என்பதால் இப்படிச் செய்யுங்கள். முதலில் என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை லேப்டாப்பிலேயே செருகி, இருக்கிற பெயரோடு 180 ஜிபியையும் காப்பி எடுங்கள். அங்கே 41-உம் போகும். பிறகு நிதானமாகப் பெயரைச் சுருக்கிப் பெட்டிக்கு அனுப்புங்கள். கடைசியில் ஃப்ரீஃபைல்சிங்கில் ‘ஃபைல் உள்ளடக்கம்’ என்ற ஒப்பீட்டை ஓட்டுங்கள், நேரம் பிடிக்கும், ஆனால் அளவும் தேதியும் ஒன்றாக இருந்து உள்ளே கெட்டிருந்தாலும் காட்டிவிடும். அது முடியாமல் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

வருங்காலத்துக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளைப் பாருங்கள். எல்லாவற்றையும் தன் களஞ்சியத்துக்குள் பூட்டி வைப்பதால் நீண்ட தமிழ்ப் பெயரும் அதற்குத் தடையில்லை. பழைய நாளின் நிலையையும் திரும்ப எடுக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் தாளில் எழுதி வையுங்கள். அது போனால் களஞ்சியமும் போனதுதான்.

மூத்தநிரலர் | இரவு 11:52
பைட் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. நல்ல விளக்கம். 260 என்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

கொங்குத்தறி | மறுநாள் மாலை 5:36
டிஸ்கில் எல்லாம் போய்விட்டது. 41 பெயரும் சுருக்கிப் பெட்டிக்கும் ஏறிவிட்டன. ஒப்பீட்டில் வித்தியாசம் எதுவும் இல்லை. வடக்குத்தெரு பெரியம்மா பாட்டைப் பெட்டியிலிருந்தே போட்டுக் கேட்டேன், நடுவில் கோழி கூவுவது வரை வருகிறது. லேப்டாப்பைக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகக் கரிசல்மண் அண்ணாவுக்கு.

நெய்தல் | மறுநாள் மாலை 6:10
மனம் நிறைந்தது. அந்த ஹார்ட் டிஸ்கும் மச்சான் வீட்டிலேயே, பெட்டிக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறதா? அப்படியானால் அதை உங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

வைகைக்கரை | நான்கு நாள் கழித்து
கொங்குத்தறி, டிஸ்க் இப்போது எங்கே இருக்கிறது? கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?