திருகோணமலையில் கம்பஸ் பிள்ளைகள் உருப்படியாகத் தொண்டு செய்ய எங்கே போகலாம்?

கோணேசபுரி_பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை கம்பஸில் பிரயோக விஞ்ஞானம் இரண்டாம் வருடம், ஊர் வவுனியா, ஹொஸ்டலில் இருக்கிறேன். சனிக்கிழமை முழுக்கவும் புதன் பின்னேரமும் விரிவுரை இல்லை, அதனால் நானும் ரூம் பிள்ளைகளும் ஏதாவது தொண்டு வேலைக்குப் போகலாம் என்று யோசிக்கிறோம். முன்பு ஒரு கழகத்தோடு கடற்கரை துப்புரவுக்குப் போனோம். குப்பை பொறுக்கிய நேரத்தைவிட பனர் பிடித்துப் படம் எடுத்த நேரம்தான் கூட. எல்லோருக்கும் பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் கொடுத்தார்கள், கடைசியில் அந்தப் போத்தல்களையும் நாங்களே பொறுக்கினோம். அப்படி இல்லாமல் உண்மையிலேயே ஆள் தேவைப்படுகிற இடம் எது? எங்களிடம் மோட்டார் சைக்கிள் இல்லை, பஸ்தான். இருட்டுவதற்குள் ஹொஸ்டலுக்குத் திரும்பிவிட வேண்டும். சான்றிதழ் கிடைத்தால் சந்தோசம், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உப்புவெளி_ரீச்சர்:
தங்கச்சி, தூரம் எங்கும் போக வேண்டாம். உங்கள் கம்பஸ் வாசலில் ஓடுகிற புல்மோட்டை றோட்டிலேயே இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி, குச்சவெளி என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஓஎல் (பதினோராம் வகுப்பு சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப் போகிற பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். அடுத்து ஏஎல் (உயர்தரம்) படிக்க ஆறு பாடம் சித்தியாக வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம், மூன்று பாடத்திலாவது சீ, அதாவது திறமைச் சித்தி, வேண்டும். மற்ற எல்லாம் நன்றாகச் செய்துவிட்டுக் கணிதத்தால் வீட்டில் நிற்கிற பிள்ளைகளை நான் வருசா வருசம் பார்க்கிறேன். ரவுனில் இருந்தால் ரியூசன், அங்கே அதற்கு பஸ் காசும் சேர வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், பதினோராம் வகுப்புப் பாடத்தில் ஆரம்பிக்காதீர்கள். பின்னம் கூட்டச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி, அரையும் மூன்றிலொன்றும் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். இருந்ததைவிடக் குறைந்துவிட்டதே என்று ஒருவருக்கும் தோன்றாது. அங்கே இருந்துதான் கட்டிக்கொண்டு வர வேண்டும். பாடசாலை அதிபரிடம் நேரே போய்க் கேளுங்கள், கம்பஸ் கடிதம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. ஆனால் தொடங்கினால் பரீட்சை வரைக்கும் போக வேண்டும். நாலு கிழமை வந்துவிட்டுக் காணாமல் போகிற அண்ணாமாரையும் அக்காமாரையும் அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

கிண்ணியாக்காரன்:
ரீச்சர் சொல்வது சரி. நான் டெங்கைப் பற்றிச் சொல்கிறேன், 2017இல் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அந்த நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும், முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்காக உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வருசத்துக்கு ஒரு தடவை மண்வெட்டியோடு போகிற சிரமதானத்தால் பெரிய பலன் கிடையாது. ஒரே இருபது வீட்டை எடுத்து, கிழமைக்கு ஒரு தடவை போய், பூச்சாடித் தட்டு, பிரிஜ்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, கூரைப் பீலி எல்லாம் பார்த்து, ஓரத்தைத் தேய்த்துக் கழுவச் சொன்னால் அதுதான் வேலை. உங்கள் பகுதி பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லிவிட்டுப் போங்கள். அவரோடு போனால் வீட்டுக்காரர் கேற்றைத் திறப்பார்.

அப்புறம் இரத்ததானம். 18 வயதுக்கு மேல், 60க்குக் கீழ், கையில் அடையாள அட்டை, ஹீமோகுளோபின் 12க்கு மேல், கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் ஆகியிருக்க வேண்டும். ஹொஸ்டல் பிள்ளைகள் பலர் காலையில் சாப்பிடாமல் போய் மயங்கி விழுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். இன்னொன்று, டெங்கில் குறைகிற குருதிச் சிறுதட்டை (பிளேற்லெட்) எடுத்து வைத்தால் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. கம்பஸ் முழுக்க ஒரே நாளில் கொடுத்துவிட்டு மற்ற மாதங்களில் ஒருவரும் இல்லையென்றால் டெங்கு நேரத்தில் வைத்தியசாலை என்ன செய்யும்? முதலில் இரத்த வங்கியில் போய் எந்த மாதம் தட்டுப்பாடு என்று கேட்டுவிட்டு முகாம் வையுங்கள்.

நிலாவெளி_படகு:
கடற்கரை துப்புரவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், பனர் செய்த பாவத்துக்குக் கடல் என்ன செய்யும்! நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது, வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் நீங்களாக இறங்கி எதையும் எடுக்க முடியாது. பவளப் பாறையில் சிக்கிய வலையை இழுத்தால் பாறையும் சேர்ந்து உடையும், சுழியோடத் தெரிந்தவர்கள் வெட்டித்தான் எடுப்பார்கள். நீங்கள் கரையில் நின்று எடுத்து வருகிற வலையைப் பிரிக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரைதான் இதெல்லாம் சரிவரும், வாடைக்காற்றில் படகே போகாது.

கடலுக்குப் போக விருப்பமில்லையா, கோணேசர் கோவில் பக்கம் போங்கள். கோவில் இருக்கிற கோட்டைக்குள் நிற்கிற மான்கள் சாப்பாட்டுப் பார்சலின் லஞ்ச் சீற்றை, அந்தப் பொலித்தீன் தாளை, குழம்பு வாசத்துக்காக நக்கி நக்கி அப்படியே விழுங்கிவிடும். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்று, வருகிறவர்களிடம் பொலித்தீனை வாங்கி வைத்தாலே பெரிய உதவி. முதலில் கோவில்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சும்மா_ஒருவன்:
இதெல்லாம் பேச நல்லாயிருக்கும். இன்டர்வியூவில் சான்றிதழ்தானே கேட்பார்கள், சகோதரி? பேசாமல் நல்ல பெயருள்ள கழகம் ஒன்றில் சேருங்கள்.

உப்புவெளி_ரீச்சர்:
தம்பி, ஒரு வருடம் படிப்பித்த பிள்ளைக்கு அதிபர் கடிதத் தலைப்பில் எழுதித் தருகிற கடிதம் உங்கள் சான்றிதழை விடப் பாரமானது. அதைக் கேட்டு வாங்கவும் கூச்சப்படத் தேவையில்லை. பிள்ளைகள் வேலை தேடத்தான் வேண்டும்.

மூதூர்_அக்கா:
ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். மழைக்காலம். மகாவலி பெருகினால் வெருகல் பக்கமும் எங்கள் பக்கமும் என்ன ஆகும் என்று 2025 நவம்பரில் டித்வா புயல் நேரம் பார்த்தோம். வெள்ளம் வந்த பிறகு பழைய உடுப்பு மூட்டையோடு லொறியில் வராதீர்கள், உடைந்த பொத்தான் சட்டையும் பார்ட்டி சாரியும் பிரித்தெடுக்கவே நாலு பேர் வேண்டும். இப்போதே செஞ்சிலுவைச் சங்கக் கிளையில் முதலுதவிப் பயிற்சி எப்போது என்று கேட்டு முடித்து வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைப் போனில் போட்டு வையுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைக்கவும், இழப்புப் படிவம் நிரப்பவும்தான் ஆள் கிடைக்காது. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவி தொடங்கிய 2023இலும் இதே கதைதான், வயதான ஆட்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச செயலக வாங்கில் இருந்தார்கள். சிங்களக் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்லவும் ஆள் இல்லை.

கோணேசபுரி_பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை கணித வகுப்பு என்று முடிவு செய்துவிட்டோம், எங்கள் மூன்று பேரில் யாராவது ஒருவர் எப்போதும் போகலாம், பரீட்சைக் காலத்தில் மாறி மாறிப் பார்த்துக்கொள்வோம். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும், அதனால் புதன் பின்னேரம் படிவ வேலைக்கும் போகலாம் போல் இருக்கிறது. அதற்குக் கிராம சேவகரிடமா, பிரதேச செயலகத்திலா கேட்க வேண்டும்?

மூதூர்_அக்கா:
முதலில் விதானையார்தான், அதாவது கிராம சேவகர், பிள்ளை. புதன் பின்னேரம் அவர் கந்தோரில் இருப்பாரா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள்.