பக்கெட் பொப்கோர்னில் இருந்து மலையகத்துக்கு ஒரு சொந்த விதை எடுக்கலாமா?

மேட்டுக்காடு:
பண்டாரவளைப் பக்கம், சுமார் 1,200 மீற்றர் உயரம், 12 பேர்ச் மேட்டுநிலம். கடையில் கிலோக் கணக்கில் விற்கிற பொரிக்காத மஞ்சள் பொப்கோர்னையே விதையாகப் போட்டு எடுத்த கதிர் 80 கைவசம் இருக்கு. பக்கெட் சோளம் 30 கிராம் பொரிச்சா ஒரு லீற்றருக்கு மேல வருது. இந்த அறுவடை அதே சட்டியில, அதே எண்ணெயில, 400 மில்லியைத் தாண்டல. பாதி மணி பொரியாமலே அடியில கிடக்கு. கதிர் எல்லாம் அடுப்புப் பரணில ரெண்டு வாரம் காய்ஞ்சது. 60 மீற்றர் தள்ளி பக்கத்துக் காணியில தீவனச் சோளம், அதுக்குக் கீழ கொஞ்சம் சுவீட் கோர்ன்.

கலப்பின விதையை மறுபடி போட்டதாலயா, பக்கத்து மகரந்தத்தாலயா, வேற ஏதாவதா? இந்த 80 கதிரில இருந்து தெரிவு செஞ்சு போனா ஒரு நிலையான வகை கிடைக்குமா, இல்ல வேற விதையும் சேர்க்கணுமா?

விதைக்கூடை:
தம்பி, பரம்பரையைக் குறை சொல்ல முன்னாடி பரணைப் பாருங்க. 400 மில்லிக்குப் பாதிக் காரணம் அங்கதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

பொப்கோர்ன் மணி ஒரு குட்டி பிரஷர் குக்கர். உள்ளே இருக்கிற ஈரம் சூடேறி, 180 பாகை செல்சியஸ் அளவில, வெளிக்காற்றைப் போல சுமார் 9 மடங்கு அமுக்கம் வந்ததும் தோல் வெடிக்கும். அதுக்கு மணியில 13.5 முதல் 14 வீதம் ஈரப்பதன் வேணும். 11க்கு இறங்கினா அமுக்கம் போதாது, மணி கருகி அடியில கிடக்கும். 16க்கு மேல போனா தோல் சீக்கிரமே விட்டுக்கொடுத்து, சின்னதா, ரப்பர் மாதிரி பொரியும். பரண்ல இன்னொரு கெடுதலும் இருக்கு. சூடு 40 பாகையைத் தாண்டி வேகமாகக் காய்ஞ்சா மணிக்குள்ள மயிரளவு வெடிப்பு விழும். டோர்ச்சைக் கீழ இருந்து அடிச்சு, மணியை மேல வச்சுப் பாருங்க. கண்ணாடி மாதிரித் தெரியிற பகுதியில குறுக்கே ஒரு கோடு ஓடினா அது வெடிப்பு. தோல் வரைக்கும் போன வெடிப்பு ஆவியை விட்டுடும். அந்த மணிக்கு எவ்வளவு தண்ணி சேர்த்தும் பிரயோசனம் இல்ல.

வெடிக்காத மணியை மீட்கலாம். 500 கிராம் மணி 11 வீதத்தில இருக்குன்னா, 14க்கு வர 17.4 கிராம் தண்ணி வேணும் (500 × 3 ÷ 86). போத்தலில போட்டு, தண்ணியை ஊத்தி, மூடி, நாளுக்கு ரெண்டு தரம் குலுக்கி ஒரு வாரம் விடுங்க.

ஆனா 80 கதிரை ஒன்றோடொன்று ஒப்பிடப் போறீங்கன்னா இப்படித் தனித்தனியாத் தண்ணி ஊத்துறது சரிவராது. அதுக்கு உப்புப் பெட்டி செய்யுங்க. காற்றுப் புகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அடியில ஒரு தட்டுல சமையல் உப்பு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணி விட்டது. உப்பு முழுசாக் கரைஞ்சிடக் கூடாது. மேல கம்பி வலை, அதுக்கு மேல கதிருக்கு ஒண்ணா இலக்கம் போட்ட சின்னத் துணிப்பைகள். அந்த உப்பு பெட்டிக்குள்ள காற்றை 75 வீத ஈரப்பதனில பிடிச்சு வைக்கும். மூணு நாலு வாரத்தில எல்லா மணியும் 14 வீதத்துக்குப் பக்கத்தில வந்து நிக்கும். மணி 16 வீதத்துக்கு மேல ஈரமாக இருந்தா முதல்ல நிழல்ல காயப்போடுங்க, இல்லாட்டி பெட்டிக்குள்ளயே பூஞ்சணம் பிடிக்கும்.

உயரமான இடம், அதான் பொரியல என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. வெளிக்காற்றின் அமுக்கம் குறைஞ்சா பொரி பெருக்குமே தவிர சுருங்காது.

ஏழாம்கட்டை:
ஈரப்பதன் பற்றி விதைக்கூடை அண்ணன் சொன்னது சரி. ஆனால் விதையிலும் கோளாறு இருக்கத்தான் செய்யும்.

பக்கெட்டில் இருப்பது கலப்பின விதை அல்ல, கலப்பினச் செடியின் அறுவடை. அதாவது ஒவ்வொரு மணியின் முளையும் ஏற்கெனவே இரண்டாம் தலைமுறை. தோல் மட்டும்தான் முதல் தலைமுறைத் தாய்ச்செடியினுடையது. அதனால்தான் பக்கெட் மணி ஒரே சீராகப் பொரிகிறது. நீங்கள் நட்டதும் முளைத்தவை எல்லாம் இரண்டாம் தலைமுறைச் செடிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கலப்பின வீரியத்தில் பாதி போய்விட்டது. தோலின் தடிப்பும் செடிக்குச் செடி மாறிவிட்டது.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. மணியின் தோல் முழுக்கத் தாயின் இழையம். ஒரு கதிரிலுள்ள எல்லா மணிக்கும் தோல் ஒரே பரம்பரையமைப்பு. மாப்பகுதி அப்படியில்லை, தாயிடமிருந்து இரண்டு பங்கும் மகரந்தத்திலிருந்து ஒரு பங்குமாக வருவது. ஆகவே பொரிதிறனைக் கதிர் கதிராகத்தான் அளக்க வேண்டும். 80 கதிரையும் ஒன்றாக உதிர்த்துக் கொட்டினீர்கள் என்றால் தெரிவு செய்ய எதுவும் மிஞ்சாது.

பக்கத்துத் தீவனச் சோளம் கெடுத்ததா என்பது உங்கள் விதை ‘ஜி.ஏ.1-எஸ்’ என்ற எதிருருவை (ஒரு பரம்பரையலகின் வடிவத்தை) சுமக்கிறதா என்பதைப் பொறுத்தது. இது நாலாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இதை இரட்டையாக வைத்திருக்கும் பொப்கோர்னின் பட்டுநூலில் சாதாரணச் சோள மகரந்தம் விழுந்தாலும் குழாய் உள்ளே போய்ச் சேராது. பல பொப்கோர்ன் வகைகளில் இது உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. சோதிப்பது சுலபம். ஐந்தாறு செடியில் பட்டுநூல் வெளிவரும் முன்பே இளங்கதிரை உறை போட்டு மூடுங்கள். நூல் நாலைந்து சென்ரிமீற்றர் வந்ததும், பனி காய்ந்த பிறகு காலை 9 – 11 மணிக்குள் பக்கத்துக் காணி ஆண்பூவின் மகரந்தத்தைத் தூவி உடனே மூடுங்கள். அதே மகரந்தத்தை, அதேபோல மூடிவைத்த ஒரு தீவனச் சோளக் கதிரிலும் தூவுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தீவனக் கதிரில் மணி கட்டியிருந்து உங்கள் கதிர் வெறுந்தண்டாக இருந்தால் தடை இருக்கிறது. இரண்டுமே வெறுமை என்றால் மகரந்தம் செத்ததுதான், எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தடை ஒருவழிப் பாதை. உங்கள் மகரந்தம் பக்கத்துக் காணிக்காரரின் சுவீட் கோர்னில் தாராளமாக விழும், விழுந்த மணி இனிக்காது, மாவாகும். சண்டை அங்கிருந்துதான் வரும். தடை இல்லாவிட்டால் எதிர்ப்பக்க ஆபத்து இன்னும் மோசம்: சுவீட் கோர்ன் மகரந்தம் விழுந்த மணி இந்தப் போகத்தில் சாதாரணமாகவே தெரியும், சுருங்கிய மணி அடுத்த தலைமுறையில்தான் தலைகாட்டும். அப்போது குறைந்தது 300 மீற்றர் இடைவெளி, அல்லது பூக்கும் காலத்தில் நாலு வார வித்தியாசம் வேண்டும். குளிரில் பூப்பு இழுபடும் என்பதால் மூன்று வாரத்தை நம்ப வேண்டாம்.

மேட்டுக்காடு:
நன்றி. டோர்ச் அடிச்சுப் பார்த்தேன், பத்து மணிக்கு மூணுல வெடிப்பு. ஒரே பக்கெட்டில இருந்து வந்த 80 கதிர் போதுமா? ருவன், பத்ரா மாதிரி நம்ம சோளத்தோட கலந்தா இலைக்கருகலுக்குத் தாங்குமா?

சோளத்தட்டை:
ஒரே பக்கெட் போதாது. இரண்டு தூயவழியை (தன்னோடு தானே சேர்த்துச் சீராக்கிய வழியை) சேர்த்த கலப்பினம் என்றால் எந்த இடத்திலும் அதிகபட்சம் இரண்டு எதிருருதான். 80 கதிர் என்ன, 8,000 கதிர் எடுத்தாலும் மூன்றாவது வராது. நான்கைந்து மூலங்களையாவது சேர்க்கணும். ஆனால் நாலு பிராண்ட் வாங்கினால் நாலு மூலம் என்று கணக்குப் போடாதீங்க. அமெரிக்க மஞ்சள் பொப்கோர்னில் பெரும்பகுதி சூப்பர்கோல்ட், சவுத் அமெரிக்கன், அம்பர் பேர்ள் என்ற மூன்று பழைய குடும்பங்களைச் சுற்றியே வந்தது, அடித்தளம் ஒடுக்கம். பெட்டியில் எந்த நாட்டு உற்பத்தி என்று பாருங்க. ஆர்ஜென்டீனா ஒன்று, அமெரிக்கா ஒன்று, வெள்ளை மணி ஒன்று, கூர் மணி ஒன்று என்று எடுத்தால் ஓரளவு விரியும். இந்தியாவில் அல்மோரா ஆராய்ச்சி நிலையம் மலைக்கென்றே வெளியிட்ட வி.எல். அம்பர் பொப்கோர்ன் நம்ம உயரத்துக்கு நல்ல பொருத்தமாகப் படுது. ஆனால் பயணப் பையில் விதை கொண்டுவர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். கன்னொறுவையிலுள்ள மரபுவள நிலையத்திலும், மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்திலும் என்ன சேகரிப்பு இருக்கிறது என்று விவசாயப் போதனாசிரியர் மூலம் எழுத்தில் கேளுங்க.

இனித் தெரிவு. 12 பேர்ச் என்றால் சுமார் 300 சதுர மீற்றர். எல்லா மூலங்களையும் ஒரு போகம் கலந்து பூக்கவிட்டு, அதில் நிமிர்ந்து நின்ற செடிகளில் இருந்து 80 – 100 கதிர். உப்புப் பெட்டியில் சமப்படுத்தி, கதிருக்கு 20 கிராம் வீதம் இரண்டு தடவை பொரியுங்க. மைக்ரோவேவ் என்றால் பிரவுன் பேப்பர் பையில், எல்லாவற்றுக்கும் ஒரே நேரம். முதல் பை எப்போதும் குறைவாக வரும், அடுப்பு குளிர்ந்திருக்கும். அதனால் கணக்கில் சேராத ஒரு பையை முதலில் ஓட்டுங்க. பொரியை அளவுக் குவளையில் கொட்டி, அமுக்காமல், மில்லியைக் கிராமால் வகுங்க. நல்ல வணிக வகை 40க்கு மேல் நிற்கும். பொரியாத மணியையும் எண்ணி எழுதுங்க.

மேலே வந்த 36 கதிரை அடுத்த போகம் கதிருக்கு வரிசையாக நடுங்க: 5 மீற்றர் வரிசை, வரிசைக்கிடை 75 சென்ரிமீற்றர், செடிக்கிடை 25, ஒவ்வொரு கதிருக்கும் வெவ்வேறு இடத்தில் இரண்டு வரிசை. குழிக்கு இரண்டு மணி போட்டு ஒன்றாகக் கலைத்தால் கதிருக்கு 80 மணி, சுமார் 12 கிராம். மொத்தம் 270 சதுர மீற்றர். மிச்ச இடத்தில் ஓர வரிசை, இல்லாவிட்டால் ஓரத்துச் செடி பொய் சொல்லும். மீந்த விதையைக் கடித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுகிய போத்தலில், பிரிட்ஜில் வையுங்க. இந்தப் போக அறுவடையில் விதை எடுக்கக் கூடாது. நல்லதும் கெட்டதும் ஒன்றாகக் கலந்து பூத்தது அது. வரிசையைப் பார்த்துத் தீர்ப்பு, விதை பிரிட்ஜில் இருந்து. வென்ற 10 – 12 குடும்பத்தில் தலா 40 மணி, அடுத்த போகம் மூன்று பேர்ச்சில் தனியாக. ஐந்து குடும்பத்துக்கு இறங்க வேண்டாம், இரண்டு மூன்று சுற்றில் செடி குட்டையாகி, கதிர் நுனி காலியாக வரத் தொடங்கும்.

பொரிதிறனும் விளைச்சலும் எதிரெதிரே இழுக்கும், இதில்தான் பலர் தவறு விடுகிறார்கள். பொரிதிறன் பெரும்பாலும் கூட்டு விளைவால் (ஒவ்வொரு பரம்பரையலகின் பங்கும் ஒன்றோடொன்று கூடி) கடத்தப்படுவது, தெரிவுக்குச் சீக்கிரம் அசையும். விளைச்சல் அப்படியில்லை. பெரிய கதிரைப் பார்த்துத் தெரிவு செய்தால் பொரி சுருங்கும். பிரேசிலில் வட புளுமினென்சே அரச பல்கலைக்கழகத்தில் இரண்டையும் பெருக்கி, ஹெக்டேயருக்கு எத்தனை கன அளவு பொரி என்று ஒரே எண்ணாக்கிப் பார்க்கிறார்கள். வரிசைக்கு 3 கிலோ, கிலோவுக்கு 25 லீற்றர் என்றால் 75 லீற்றர். 2.2 கிலோ, 38 லீற்றர் என்றால் 83.6. இரண்டாவதுதான் வெல்கிறது. என் அபிப்பிராயம், 30க்குக் கீழே பொரிந்ததை இந்தக் கணக்குக்கே எடுக்காதீங்க.

மழைமானி:
காலத்தைப் பற்றி யாரும் சொல்லல. பண்டாரவளையில சராசரி 20 பாகை, அடித்தளம் 10 (இதுக்குக் கீழ சோளம் வளராது) கழிச்சா நாளுக்கு 10 வெப்ப அலகு. பொப்கோர்ன் முற்ற சுமார் 1,400 அலகுன்னு வச்சா 140 நாள். ஒக்டோபர் தொடக்கத்தில மழையோட விதைச்சா பெப்ரவரி கடைசி, வெயில் பார்த்து முறிக்கலாம். நுவரெலியாவில நாளுக்கு 6 தான் கிடைக்கும், 230 நாள். அங்க இந்த வேலைக்கு இறங்காதீங்க.

மணியோட அடிமுனையை நகத்தால கிள்ளிப் பாருங்க. கறுப்புப் படை விழுந்திருந்தா முற்றியது. 18 வீத ஈரத்துக்கு வரும்வரை செடியிலயே விடலாம், பன்றியும் முள்ளம்பன்றியும் விட்டா. பிறகு உரிச்சுக் கூரைக்குக் கீழ, காற்றோட்டத்தில தொங்கவிடுங்க. இலைக்கருகல் நீளமான சாம்பல் நிறச் சுருட்டு மாதிரிக் கீழ் இலையில தொடங்கும். மணி பால் கட்டுற நேரத்துக்குள்ள கதிர் இலைக்கு மேல ஏறின செடிக்கு அடையாளத் துணி கட்டுங்க, அதில கதிர் எடுக்க வேண்டாம். சேனா புழுவுக்கு (படைப்புழு) முளைச்ச இரண்டாம் வாரத்திலேயே குருத்தைப் பார்க்கணும்.

ஏழாம்கட்டை:
ருவன், பத்ரா கலப்புக் கேள்விக்கு: செய்யலாம், ஆனால் திசை முக்கியம். உங்கள் பொப்கோர்னில் தடை இருந்தால் பத்ரா பெண்ணாகவும் பொப்கோர்ன் ஆணாகவும் இருக்க வேண்டும். மறுபுறம் தூவினால் மணியே கட்டாது. கிடைத்த முதல் மணிகளைப் பொரித்துப் பார்த்துச் சலிக்க வேண்டாம், தோல் முழுக்கப் பத்ராவினுடையது. அதை நட்டு, வரும் செடிக்குப் பொப்கோர்ன் மகரந்தம், அதன் பிள்ளைக்கு மீண்டும் ஒரு தடவை. இரண்டு பின்கலப்புக்கு முன் பொரிதிறன் திரும்பாது. ஒவ்வொரு சுற்றிலும் கருகல் அதிகமுள்ள பாத்தியில் நட்டு, தாங்கிய செடிக்கு மட்டும் மகரந்தம் தூவுங்கள், இல்லாவிட்டால் பத்ராவிடமிருந்து எடுக்க வந்ததையே வழியில் தொலைத்துவிடுவீர்கள்.

உறைக்கு லஞ்ச் ஷீட் கட்ட வேண்டாம். பனி நாளில் உள்ளே வேர்த்து மகரந்தம் கட்டியாகிவிடும். பிரவுன் பேப்பர் உறையின் வெளிப்பக்கம் மெழுகுதிரி தேய்த்து, அடியில் ஒரு கிளிப் போட்டால் ஒரு வாரம் தாங்கும்.