எடை குறைஞ்சாச்சு, கைத்தோல் தொங்குது: வெட்டி எடுக்கலாமா?

நெய்வேலி அக்கா:
வயசு 46. இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணி, ரெண்டு வருஷத்துல 104 கிலோவிலிருந்து 67க்கு வந்தேன். முகம், இடுப்பு எல்லாம் வத்திடுச்சு. மேல்கை மட்டும் தொளதொளன்னு தொங்குது. வெயில் காலத்துல மடிப்புல வேர்த்துப் படை வருது. அந்தத் தோலை வெட்டித் தைச்சிடலாம்ங்கறார் பிளாஸ்டிக் சர்ஜன். பிராக்கியோபிளாஸ்டியாம். பண்ணலாமா?

இரும்புக்கை:
அவசரப்படாதீங்கக்கா. ஆறு மாசம் டம்பெல் தூக்குங்க, தண்டால் எடுங்க. நான் 15 கிலோ குறைச்சேன், தோல் தானா இறுகிடுச்சு. எல்லாத்துக்கும் கத்தியைத் தேடுற காலமாப் போச்சு.

பழைய நர்ஸம்மா:
தம்பி, நீங்க குறைச்சது 15, அவங்க 37. உங்க வயசும் அவங்க வயசும் ஒண்ணா? தோலுக்குள்ள கொலாஜன், எலாஸ்டின்னு நார் இருக்கு. வருஷக்கணக்கா இழுபட்டா அது நைஞ்சிடும். நைஞ்ச எலாஸ்டிக்கை எத்தனை தடவை துவைச்சாலும் இறுகாது. டம்பெல் தசையை வளர்க்கும், தோலைச் சுருக்காது. கொழுப்பை மட்டும் உறிஞ்சுற லைப்போசக்‌ஷனும் இவங்களுக்குப் பத்தாது. உள்ள இருக்கறதை எடுத்தா பை இன்னும்தான் தொங்கும்.

இரும்புக்கை:
சரிம்மா, தோல் விஷயத்துல தோத்தேன். தழும்பை என்ன பண்றது? அக்குள்ல இருந்து முழங்கைப் பக்கம் வரைக்கும் ஓடுமே. எங்க சித்திக்கு அது கயிறு மாதிரி தடிச்சு, ஒரு வருஷம் அரிச்சுது. முன்னாடி தோலை மறைக்க முழங்கை வரைக்கும் ரவிக்கை போட்டாங்க. இப்போ தழும்பை மறைக்க அதே ரவிக்கை!

ஊசிநூல்:
நான் ரவிக்கை தைக்கறவ. மார்பளவு 36, மேல்கைச் சுத்தளவு 17 அங்குலம்னு ஒருத்தர் வந்தா வெட்டுறதே வித்தை. கைக்குப் பிடிக்கற மாதிரி வெட்டினா தோள்ல தொங்கும், தோளுக்கு வெட்டினா கை ஏறாது. அளவு எடுக்கறப்போ கையைத் தூக்கச் சொன்னா கூச்சப்பட்டு முந்தானையை இழுத்துக்கறவங்களை வாரம் ரெண்டு பேர் பார்க்கறேன். தழும்பு உள்பக்கம், தூக்கினாத்தான் தெரியும். தொங்கற தோல் சும்மா நின்னாலே தெரியும். என் ஓட்டு ஆபரேஷனுக்கு.

வரவுசெலவு:
இன்சூரன்ஸ்ல அழகு சிகிச்சைன்னு தள்ளிடுவாங்க. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு அப்புறம் பண்ற சீரமைப்புன்னா கொடுப்பாங்க, இதுக்குக் கைக்காசுதான். பிள்ளைங்க ஃபீஸ் கட்டுற வயசுல இது ஆடம்பரம்.

ஊசிநூல்:
2018ல சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மார்பக அழகு அறுவையை இலவசமா ஆரம்பிச்சப்பவும் இதே பேச்சுதான் வந்துது, அரசாங்கக் காசுல அழகு எதுக்குன்னு. அக்கா சொந்தக் காசுல பண்ணினாலும் குத்தமா? படை வருதுன்னு முதல் பதிவுலயே எழுதியிருக்காங்க, அதை யாரும் படிக்கலையா?

வரவுசெலவு:
படிச்சேன். படைக்கு மருந்துக்கடையில பவுடர் இருக்கு.

பழைய நர்ஸம்மா:
பவுடர் போட்டா இந்த வாரம் போகும், மடிப்பு இருக்கற வரைக்கும் திரும்ப வரும். அதுக்காக நான் கண்ணை மூடிட்டுப் பண்ணச் சொல்லல. எடை ஆறு மாசமாவது ஏறாம இறங்காம நிக்கணும். இரைப்பை ஆபரேஷன் ஆனவங்களுக்குப் புரதமும் ரத்தமும் குறைவா இருக்கலாம், அப்படியே தைச்சா புண் சரியா ஆறாது. உள்ள நீர் கோத்துக்கலாம். முன்கை உள்பக்கம் மரத்துப் போகலாம், சிலருக்கு அது திரும்பறதே இல்ல. சில வாரம் மேல்கையில இறுக்கமான உறை மாட்டணும், தண்ணிக் குடம் தூக்கக் கூடாது. டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சி.எச்.ங்கற மேற்படிப்பு முடிச்சவரான்னு பாருங்க. தழும்பு விஷயத்துல தம்பி சொல்றது நிஜம், நம்ம நிறத்துக்குத் தடிக்கற வாய்ப்பு கூடுதல். அக்கா, உங்க உடம்புல இருக்கற பழைய தழும்பெல்லாம் எப்படி ஆறியிருக்கு?

நெய்வேலி அக்கா:
கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். வயித்துல லேப்ராஸ்கோப் ஓட்டை அஞ்சும் மெல்லிசா ஆறியிருக்கு. ஆனா ரெண்டாவது தடவை காது குத்தின இடத்துல மிளகு அளவுக்கு ஒரு உருண்டை. இருபது வருஷமா தோட்டுக்குப் பின்னாடி இருக்கு, மறந்தே போயிருந்தேன். வியாழக்கிழமை டாக்டர்கிட்ட முதல்ல காதைக் காட்டறேன்.