‘திகம்பர சாமியார்’ நல்ல பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

சேலத்து நண்பர்களே, நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 1950-ல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தின் தெளிவான பிரதி தேவைப்படுகிறது. அஸ்தம்பட்டியில் எங்கள் தெருப் பெரியவர்களுக்கு மொட்டை மாடியில் திரை கட்டிப் போட்டுக் காட்டலாம் என்று யோசனை.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்தான் கதை. சட்டம் படித்த வக்கீலே சதி செய்கிறார், அவரைப் பிடிக்க நம்பியார் 11 வேடங்களில் வருகிறார். வில்லனாகவே பார்த்துப் பழகிய மனிதர் இதில் துப்பறிகிறவர்! அதற்காகவே பார்க்கலாம். ஆனால் என்னிடம் இருக்கும் கோப்பில் ஒரே இரைச்சல். வேடம் மாறும்போது குரலும் மாறுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

பழைய சிடி, டிவிடி எதுவானாலும் சரி. பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அப்புறம், கதைச் சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியுமே, அந்தப் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும்.

ஏற்காடு ரோட்டில் ஸ்டுடியோவின் வளைவு மட்டும்தான் மிச்சம். உள்ளே வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவசியம் அழைத்து வாருங்கள். வண்டி அனுப்புகிறோம்.