ஏ சுருதியில், நீளம் மாறாத பிடில் மெட்டுகள் வேண்டும்

அப்பலாச்சிய ஸ்கொயர் டான்சுக்கு (ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் அமெரிக்க நாட்டுப்புற ஆட்டம்), பிடிலின் நான்கு தந்திகளையும் ஏ-இ-ஏ-இ என்று சுருதி கட்டி வாசிக்கத் தோதான மெட்டுகள் தெரிந்தால் சொல்லுங்கள். வேகம் நிமிடத்துக்கு 116–120 பீட். பகுதிக்கு 16 பீட், இரண்டு பகுதியும் இரண்டிரண்டு தடவை, ஆக 64. ஒரு பீட்கூடக் கூடக்குறைய ஆகாது.

காரணம், நடுவில் வரும் பிரேக், அதாவது முக்கிய ஆட்டத்துக்கு இடையே எல்லோரும் சேர்ந்து ஆடும் பகுதி. அதன் அசைவுகளுக்கு பீட் கணக்கு இது: அலெமாண்ட் லெஃப்ட் (இடக்கை பிடித்துச் சுற்றுவது) 6, கிராண்ட் ரைட் அண்ட் லெஃப்ட் (வலக்கை, இடக்கை என மாற்றி மாற்றிக் கொடுத்து வட்டத்தில் கடப்பது) பாதிச் சுற்று 10, பிராமினேட் (ஜோடியாக நடப்பது) 8, ஸ்விங் (ஜோடியாகச் சுழல்வது) 8. முதல் பகுதி இரண்டு தடவை முடியும்போது இதுவும் முடியும். இரண்டு பீட் நீளும் கோணல் மெட்டு வந்தால் காலர் (அசைவுகளை அழைத்துச் சொல்பவர்) குரல் கொடுக்கும் இடம் நழுவிவிடும். (கேட்க அவைதான் அழகு, என்ன செய்ய!)

இன்னொன்று: கிராண்டில் புதியவர்கள் இடக்கை கொடுக்க மறந்து பின்தங்கினால் ஸ்விங்கைச் சுருக்குவதா, அடுத்த அழைப்பைத் தள்ளுவதா? மேடையில் அழைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். டி சுருதி மெட்டுகள் வேண்டாம், இடையில் தந்தியை மாற்றிக் கட்ட நேரமில்லை.